ஏமாங்குளத்து வடிகட்டி அப்பளம்

ஏமாங்குளம் மதுரைக்குக் கிழக்கே இருக்கிறது. இதை ஏமாங்குளத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம், மதுரைதான் எங்களுக்கு மேற்கே போய் உட்கார்ந்துகொண்டது என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சங்கம் இருந்தால் அது எப்படி நடக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நன்றாகவே நடக்கிறது. இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத விஷயமே அதுதான்.

சங்கம் என்றால் அப்பளத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் அப்பளம் இடுகிறார்கள். தலைவி அங்கயற்கண்ணி தங்கமான மனுஷி. ஆனால் தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டார். செயலாளர் நல்லதம்பி அந்தத் தீர்மானங்களை எழுதுகிறவர். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இல்லாவிட்டால் அவர் வீட்டில் இரண்டாம் முறை குழம்பு கேட்க மாட்டார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

மாவு பிசைவது பொன்னுரங்கம். நல்ல கைப்பக்குவம், தலையில் மட்டும் ஒரு முடி கிடையாது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது சப்பாணிமுத்து. காலையில் வந்து கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் சொன்னார்களாம்.

அந்த வருஷம் சங்கத்துக்கு நேரம் சரியில்லை. ஆர்டர் இல்லாமல் உலக்கை மூலையில் சாய்ந்து கிடந்தது. தீபாவளிக்குள் பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் இந்தச் சங்கத்தைப் பக்கத்து ஊர் சீவலாங்குடிச் சங்கத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். சீவலாங்குடிக்காரர்கள் ஏமாங்குளத்துக்காரர்களை எங்கே பார்த்தாலும் சிரிப்பார்கள். சாவு வீட்டில் பார்த்தாலும் சிரிப்பார்கள். அவர்கள் முற்றத்தில் போய் அப்பளம் இடுவதை நினைத்தே பெண்கள் அழுதார்கள்.

அங்கயற்கண்ணிக்கு மனசு தாங்கவில்லை. "நான் தலைவியா இருக்கிற வரைக்கும் நீங்க யாரும் சீவலாங்குடி வாசலை மிதிக்க மாட்டீங்க. இது சத்தியம் தாயி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தீர்மானம் போடாமல் அந்த அம்மாள் சொன்ன ஒரே வாக்கு அது. அதனாலேயே அது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

கும்பிட்ட சாமி கண் திறந்ததுபோலப் பினாங்கிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஹமீது ராவுத்தர், அங்கே மளிகை மொத்த வியாபாரி.

"தலைவியம்மா, ஒரு லாரி அப்பளம் எனக்கு வேணும். விவரமெல்லாம் மெயில்ல வரும். அடுத்த சனிக்கிழமை தூத்துக்குடி லாரி உங்க வாசல்ல நிக்கும். முடியாதுன்னா மட்டும் முன்கூட்டியே ஒரு பதில் போட்டுருங்க, நான் வேற இடம் பார்த்துக்கிறேன். பதில் வரலேன்னா சரக்கு தயார்னு எடுத்துக்குவேன். லாரி வெறுமையாத் திரும்புச்சுன்னா அப்புறம் நமக்குள்ள பேச்சே கிடையாது, ஆமா."

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே உளுந்து மாவு பிசைந்திருப்பார்கள். ஏமாங்குளத்தில் அது முடியாது. எழுத்தில் ஆர்டர் வராமல் மாவில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கக் கூடாது என்று பழைய தீர்மானம் ஒன்று இருந்தது. ஆகவே எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு மெயிலுக்காகக் காத்திருந்தார்கள்.

மெயில் வந்தது. ராவுத்தருடையது இல்லை. சங்கத்துக்கு லாட்டரியில் கோடிக்கணக்கில் விழுந்திருப்பதாக ஒன்று. முடி வளரும் எண்ணெய் என்று ஒன்று. எங்கோ ஒரு நாட்டில் மண்டையைப் போட்ட ஜெனரலின் மனைவி, தன்னிடம் பெட்டி பெட்டியாகத் தங்கம் இருப்பதாகவும், அதை ஏமாங்குளம் அப்பளச் சங்கத்தை நம்பித்தான் ஒப்படைக்க முடியும் என்றும் எழுதிய ஒன்று. ஒன்று வந்தால் ஒன்பது வந்தது.

வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது சங்கத்துக்கு மரியாதை இல்லை. எனவே எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார்கள். பதில் போட்டவர்களுக்கு அது மேலும் மேலும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் மதுரையிலிருந்து பெனாசிர் என்ற பெண் இன்ஜினியர் வந்தாள். கெட்டிக்காரப் பெண், பொறுமைசாலியும்கூட. ஏமாங்குளத்தில் முதல் குணத்தைவிட இரண்டாவதுக்குத்தான் வேலை அதிகம். வட்டமான ஒரு சிடியைக் கம்ப்யூட்டர் தட்டில் வைத்து ஒரு வடிகட்டியை ஏற்றினாள்.

"எந்த மாதிரி மெயில் வேண்டாமோ அதைச் சின்னச் சின்ன விதியா எழுதி வைங்க" என்றாள். "மெயில் வந்ததும் மெஷின் ஒவ்வொரு விதியாப் படிச்சுப் பார்க்கும். பொருந்துனா குப்பைன்னு தள்ளிரும். பொருந்தலேன்னா உள்ள விட்டுரும்."

அவள் பஸ் ஏறியதும் சங்கம் கூடியது. சின்னச் சின்ன விதி என்றால் ஏமாங்குளத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 'மறைந்த ஜெனரலின் ஆன்மா சாந்தியடைய இச்சங்கம் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்து, அன்னாரின் துணைவியார் தங்கம் தொடர்பாக அனுப்பும் மெயிலை வருத்தத்துடன் தள்ளுவது என ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர் நல்லதம்பி. வழிமொழிந்தவர் சப்பாணிமுத்து.' மௌனமும் காத்தார்கள்.

முடி எண்ணெய் விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது.

"முடி வளரும்னு வர்ற மெயிலைத் தள்ளணும்" என்றார் நல்லதம்பி.

"வளந்தா என்ன செய்வீங்க?" என்றார் பொன்னுரங்கம். அவர் முகம் சிவந்திருந்தது.

"வளராதுண்ணே."

"பூசிப் பார்க்காம எப்படிச் சொல்ற?"

நியாயமான கேள்விதான். ஆகவே அந்த விதிக்குக் கீழே பொன்னுரங்கத்துக்கு விதிவிலக்கு ஒன்றும், விதிவிலக்குக்கு நிபந்தனை மூன்றும், நிபந்தனைக்கு நன்றி தெரிவித்து ஒன்றும் எழுதினார்கள். இப்படியே விதிகள் பெருகின. லாட்டரி என்று சொன்னால் தள்ள வேண்டும், தங்கம் என்று சொன்னால் தள்ள வேண்டும், அவசரம் என்று சொன்னால் மிக அவசரமாகத் தள்ள வேண்டும். அச்சடித்து வைத்தபோது அந்தக் கட்டு உளுந்து மூட்டை உயரம் இருந்தது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? ஒவ்வொரு மெயிலுக்கும் முதல் விதியிலிருந்து நன்றியுரை வரை படித்தது. காலைக் காப்பி நேரத்தில் வந்த மெயில் மத்தியானச் சாப்பாடு ஆன பிறகும் வாசலில் நின்றது. அதன் பின்னால் மற்றவை ரேஷன் கடை வரிசைபோல நின்றன. ராவுத்தருடைய ஆர்டரும் அந்த வரிசையில் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

அங்கயற்கண்ணி பெனாசிருக்குப் போன் போட்டார். "மெஷின் தூங்குது தாயி. சனிக்கிழமை லாரி வந்துரும். என் பொண்ணுங்க வாழ்க்கையே அந்த மெயில்லதான் இருக்கு."

பெனாசிர் விதிகளின் நீளத்தைக் கேட்டாள். பிறகு இவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று நல்ல மனதோடு ஓர் உதாரணம் சொன்னாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அந்த இடத்தில்தான்.

"அம்மா, ஆள் வந்து அப்பளம் கேட்ட பிறகா மாவு பிசையிறீங்க? முன்னாடியே பிசைஞ்சு, அப்பளமா இட்டு, காயவச்சு அடுக்கிடுறீங்க. ஆள் வந்தா எடுத்துப் போட வேண்டியதுதான். விதியையும் அதே மாதிரி ஒரு தடவை மொத்தமா ஆக்கி வச்சுரணும். கம்பைல் பண்றதுன்னு பேரு. அப்புறம் மெஷின் ஒன்னொன்னாப் படிச்சுக்கிட்டு இருக்காது. பறக்கும்."

"பறக்குமா?"

"பறக்கும். ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஆக்குன பிறகு அதை நம்மால படிக்க முடியாது. பயந்துறாதீங்க, மெஷினுக்குப் புரியும். அப்புறம், நடுவுல எந்த விதியை மாத்துனாலும் முதல்ல இருந்து திரும்ப ஆக்கணும். எப்படிச் செய்யணும்னு ஒரே வரிதான், மெயில்ல அனுப்பிட்டேன். எனக்கு நாளைக்குத் தங்கச்சி நிக்காஹ். கொஞ்ச நாளைக்குப் போன் எடுக்க மாட்டேன்மா."

அந்த ஒரே வரி மெயில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வந்து வரிசையின் கடைசியில் நின்றது. சப்பாணிமுத்து அது நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உடனே சங்கம் கூடியது.

"அந்த மெயில் வந்தாத்தான் வேகமாகும். வேகமானாத்தான் அந்த மெயில் வரும்" என்றார் நல்லதம்பி. இதைச் சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார்.

"மெயில் எதுக்கு?" என்றார் பொன்னுரங்கம். "பாப்பா விளக்கமாச் சொல்லிருச்சே. மாவு பிசையணும், இடணும், காயவைக்கணும். இது எனக்குத் தெரியாததா?"

எல்லார் முகமும் தெளிந்தது. அத்தனை நாளும் கம்ப்யூட்டர் வேலை என்றால் தங்களுக்கு எட்டாத ஏதோ என்று நினைத்திருந்தார்கள். கடைசியில் அதுவும் அப்பள வேலைதானா என்று அங்கயற்கண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு சந்தேகம்" என்றார் நல்லதம்பி. "எழுத்துல ஆர்டர் இல்லாம உப்பு சேர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு."

"அது அப்பளத்துக்கு. இது விதி."

"விதிக்கு உப்பு வேணுமா?"

பொன்னுரங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாக. குப்பையைத் தள்ளப் போற பண்டமே குப்பைக்குப் போயிறக் கூடாதுல்ல?"

உப்பு ஒருமனதாக நிறைவேறியது.

விதிக்கட்டை அண்டாவில் ஊறவைத்தார்கள். அது கூழாகியதும் பொன்னுரங்கம் கை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெறும் காகிதம் உருண்டு வராது, அதைப்போலப் பல மடங்கு உளுந்து மாவு வேண்டும் என்றார். கிடங்கிலிருந்த மாவு மூட்டைகள் வெளியே வந்தன. உப்பு, அப்பளக்காரம், நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்தன. மூலையில் கிடந்த உலக்கைகள் எழுந்தன. இத்தனை நாள் வேலையில்லாமல் இருந்த பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விதி அந்தப் பெரிய மாவில் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கலந்துபோயிற்று.

பாயில் காய்ந்த முதல் அப்பளத்தை அங்கயற்கண்ணி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"படிக்க முடியுதா?" என்றார் சப்பாணிமுத்து.

"ஒரு எழுத்தும் தெரியலை."

"அப்ப சரியா ஆகியிருக்கு."

இன்னொன்றில் மட்டும் 'முன்மொ' என்று லேசாகத் தெரிந்தது. அது சரியாக ஆகவில்லை என்று திரும்ப உரலில் போட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கூடை அப்பளத்தோடு போயிருக்கும். ஆனால் பொன்னுரங்கத்துக்கு முடி எண்ணெய் நிபந்தனையில் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள். மாற்றினால் முதலிலிருந்து ஆக்க வேண்டும் என்று பெனாசிர் சொல்லியிருந்தாள் அல்லவா? இன்னொரு பிரதி அச்சடித்து, இன்னோர் அண்டா பிசைந்தார்கள். பிறகு ஜெனரலின் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போனது நல்லதம்பிக்கு ஞாபகம் வந்தது. இன்னோர் அண்டா. மரியாதைக் குறைவாக ஒரு விதி இருக்கலாமா? திருத்தத்துக்குத் திருத்தம் வந்து, கிடங்கில் மாவு தீர்ந்தபோதுதான் விதிகள் குறையில்லாமல் அமைந்தன. முற்றம் முழுக்க அப்பளக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு நின்றன.

சப்பாணிமுத்துவுக்கு இன்னொரு யோசனை. "மாவு பிசைஞ்சதுக்கு அப்புறம் மூட்டையில மாவு இருக்குமா?"

"எப்படி இருக்கும்?" என்றார்கள்.

"அப்ப கம்ப்யூட்டர்ல மட்டும் விதி இருக்கலாமா?"

இருக்கக் கூடாதுதான். அவர் அத்தனை விதிகளையும் ஒன்று விடாமல் அழித்தார். அவர் அந்தக் கம்ப்யூட்டரில் கையை வைத்துச் செய்த முதல் வேலை அது.

பிறகு, பெனாசிர் வட்டமாக ஒன்றை வைத்து வடிகட்டியை ஏற்றிய அந்தத் தட்டை வெளியே இழுத்து, கடைசித் திருத்தத்து அப்பளம் ஒன்றை வைத்தார்கள். அளவு எடுத்து இட்டதுபோலப் பொருந்தியது. அங்கயற்கண்ணி கற்பூரம் காட்டினார். தட்டு உள்ளே போனது. சர்ரென்று சுற்றும் சத்தம், பிறகு நறநறவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. தட்டு வெளியே வந்தபோது அதில் நாலு துணுக்குதான் இருந்தது.

"சாப்பிட்டுருச்சு!" என்றார் பொன்னுரங்கம். தன் கைப்பக்குவத்தைச் சாப்பிடாதவர் யாரும் கிடையாது என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

அடுத்த நிமிஷம் வரிசையில் நின்ற மெயிலெல்லாம் சடசடவென்று உள்ளே கொட்டியது. விதியே இல்லாத வடிகட்டிக்குப் படிக்க என்ன இருக்கிறது? அது பறந்தது. பெனாசிர் சொன்னது ஒரு வார்த்தை பிசகவில்லை.

மெயில்களை அச்சடித்து நடுவில் குவித்துவிட்டுச் சங்கம் வட்டமாக உட்கார்ந்தது. மேலே இருந்தது லாட்டரி.

"இது குப்பைல்ல?" என்றார் சப்பாணிமுத்து.

நல்லதம்பி தலையாட்டி மறுத்தார். "யோசிச்சுப் பேசு. குப்பையா இருந்தா வடிகட்டி தள்ளியிருக்கும். தள்ளலை. எத்தனை விதி, எத்தனை திருத்தம்! அத்தனையும் பார்த்துத்தான் உள்ள விட்டிருக்கு."

"அப்ப லாட்டரி?"

"நெசம்."

"ஜெனரல் சம்சாரம்?"

"நெசம்."

அங்கயற்கண்ணி நெஞ்சில் கை வைத்தார். "அய்யோ பாவம். புருஷனைப் பறிகொடுத்த மனுஷி. நம்மளை நம்பிக் கடுதாசி போட்டிருக்கா. நாம அவளைக் குப்பைன்னோமே!"

அந்த அம்மாளுக்கு உருக்கமான மன்னிப்புக் கடிதம் போனது. தங்கத்தை அனுப்புவதற்கு முன்பணம் கேட்டிருந்தார். அதற்கு என்ன அவசரம், தங்கத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். லாட்டரிக்காரர்களுக்கும் அதே பதில்தான். இந்தப் பதிலுக்கு எந்த மோசடிக்காரனிடமும் மறு பதில் கிடையாது. ஏமாங்குளத்தானை ஏமாற்ற முடியாததன் ரகசியம் இதுதான்.

குவியலுக்கு அடியில் பெனாசிரின் ஒரே வரி மெயில் இருந்தது. வேலை முடிந்த பிறகு வந்ததால், நன்றி தெரிவித்து ஒதுக்கி வைத்தார்கள். அதற்கும் அடியில் ராவுத்தரின் ஆர்டர் இருந்தது. அங்கயற்கண்ணி சோறு தண்ணி இல்லாமல் காத்திருந்த அதே ஆர்டர்.

அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். "இனிமே இது எதுக்கு?" என்றார்.

"ஏன்க்கா?"

"பெட்டி பெட்டியாத் தங்கம் வரப்போகுது. என் பொண்ணுங்க சீவலாங்குடிக்கும் போக வேண்டாம், கை வலிக்க அப்பளமும் இட வேண்டாம். ஆளுக்கொரு சங்கிலி போட்டுக்கிட்டு நிம்மதியா உக்காரட்டும். நான் பண்ணுன சத்தியம் பலிச்சுருச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்பார்களே, இவர்கள் உடைப்பதற்கு முன்மொழிந்தும் வழிமொழிந்தும் வைத்தார்கள். வியாழக்கிழமையே ராவுத்தருக்குப் பதில் போய்விட்டது.

'அன்புடையீர், மிக அவசரம். எங்களுக்கு லாட்டரியில் பெருந்தொகை விழுந்துள்ளது. மறைந்த ஜெனரல் அவர்களின் தங்கமும் பெட்டி பெட்டியாக வரவிருக்கிறது. ஆகவே தங்கள் ஆர்டரை ஏற்க முடியாத மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

சனிக்கிழமை காலை வாசலில் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோடு தங்கத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒரு லாரி வந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"தங்கம் எங்கண்ணே?" என்றார் அங்கயற்கண்ணி.

"என்ன தங்கம்?" என்றார் டிரைவர். "ராவுத்தர் சரக்கு எடுத்துட்டு வரச் சொன்னாக. ஏத்துங்கக்கா, கப்பல் நிக்காது."

"முடியாதுன்னு எழுதிட்டமே."

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வெறும் வண்டியாப் போனா என் வாடகை போச்சு. வீட்டுல மூணு பிள்ளைக இருக்கு."

சங்கம் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றபடி கூடியது. வீட்டு வாசலுக்கு வந்த வண்டியை வெறுமையாக அனுப்புவது நல்லதல்ல, அதுவும் தங்கம் வரப்போகிற நேரத்தில். ஆனால் ஏற்ற என்ன இருக்கிறது?

"விதி இருக்குல்ல?" என்றார் பொன்னுரங்கம். "மெஷினுக்கு ஒன்னு போதும்னு ஆயிருச்சு. மிச்சமெல்லாம் சும்மாதானே கிடக்கு?"

டிரைவரின் பிள்ளைகளை நினைத்து, சங்கத்துக்கென்று ஒரு கட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற அத்தனை கட்டுகளையும் ஏற்றிவிட்டார்கள். அவரும் எண்ணெய் மணக்கும் அந்த லாரியை ஓட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார்.

தங்கம் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க அங்கயற்கண்ணி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பெண்கள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்கு வலித்தது. ஒருநாள் தனியாக உட்கார்ந்து, "இருந்த ஆர்டரையும் என் கையால தள்ளிட்டனே" என்று அழுதே விட்டார். சிரிக்க வைக்க வந்த நானே சொல்கிறேன், அன்றைக்கு அவரைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள்.

அப்போது பினாங்கிலிருந்து போன் வந்தது.

"தலைவியம்மா! என்ன அப்பளம் அது! இப்படி மொறுமொறுன்னு நான் தின்னதே இல்லை. வந்து இறங்குன வேகத்துல வித்துருச்சு. இனிமே மாசம் ஒரு லாரி அனுப்பணும். பக்குவம் மட்டும் மாறக் கூடாது, சொல்லிட்டேன்."

அங்கயற்கண்ணி மனசு கேட்காமல் கேட்டார். "முடியாதுன்னு எழுதுனமேய்யா, உங்களுக்குக் கோவமில்லையா?"

"எப்ப எழுதுனீங்க? எனக்கு ஒன்னும் வரலையே." மறுமுனையில் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா, இங்க குப்பையில கிடக்கு. லாட்டரின்னு இருக்கு, தங்கம்னு இருக்கு, அவசரம்னு இருக்கு. எங்க மெஷின் தூக்கித் தள்ளிருச்சும்மா. நல்ல வேளை!"

சங்கம் பிழைத்தது. சீவலாங்குடிக்காரர்கள் ஒரு வாரம் சிரிக்கவில்லை. ஆனால் ஏமாங்குளத்தில் இதைக் கொண்டாடுவதற்கு முன்னால் ஆராய வேண்டியிருந்தது.

"நம்ம கடுதாசியை அங்க தள்ளுனது எது?" என்றார் நல்லதம்பி.

"நம்ம அப்பளம்தான். நம்ம விதியில இருக்கிறதை அப்படியே பார்த்துத் தள்ளியிருக்குல்ல? லாட்டரி, தங்கம், அவசரம்" என்றார் பொன்னுரங்கம்.

"ஆனா கடுதாசி போனது வியாழக்கிழமை. அப்பளம் லாரி ஏறுனதே சனிக்கிழமைதானே?"

சப்பாணிமுத்து கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார்.

"அதான் வேகம்" என்றார். "போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுருச்சு."

நிக்காஹ் முடிந்து பெனாசிர் வந்தபோது அவளுக்கு ரசஞ்சோறும் பொரித்த அப்பளமும் வைத்தார்கள். ரசித்துச் சாப்பிட்டாள். கை கழுவும்போது, "கம்பைல் ஆச்சா? அந்த விதியெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"இப்ப நீ சாப்பிட்டியே தாயி, அது ரெண்டாவது திருத்தம்" என்றார் அங்கயற்கண்ணி. பெனாசிர் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

பக்குவம் மாறக் கூடாது என்று ராவுத்தர் சொல்லியிருந்ததால், சங்கம் மாதாமாதம் கூடிப் புது விதிகள் எழுதி மாவில் பிசைந்தது. இவ்வளவு சக்தி உள்ள பண்டத்தை வெறும் அப்பளமாக விற்பது பாவம் என்று நல்லதம்பிக்குத் தோன்றியது. 'ஏமாங்குளம் வடிகட்டி அப்பளம். ஒன்று பொரித்தால் ஒரு நாளைக்குக் குப்பை மெயில் வராது' என்று லேபிள் அடித்தார்கள். இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டுமே? சங்கத்திடம் இருந்த எல்லா முகவரிக்கும் மெயில் அனுப்பினார்கள். தினம் காலையும் மாலையும் அனுப்பினார்கள். அவர்களிடம் இருந்த முகவரிகள் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் ஆர்டர் வந்தது, ஜெனரலின் மனைவியிடமிருந்து.

'மதிப்புக்குரிய சங்கத்தாரே, கொஞ்ச நாளாக எனக்குக் குப்பை மெயில் தொல்லை தாங்க முடியவில்லை. காலையும் மாலையும் வருகிறது. தயவுசெய்து இரண்டு கட்டு அனுப்புங்கள். விலையைத் தங்கத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.'

சங்கம் அன்றே கூடி, ஒருமனதாகக் கழித்துக்கொண்டது.